பழைய வீட்டு பாத்ரூம்: காண்ட்ராக்டா, நாள் கூலியா, நண்பர்கள் கையா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். எங்கள் வேலூரில், காகிதப்பட்டறையில் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கும் ஒரு அக்கா. ஆரணியில் பாகப்பிரிவினையில் பழைய வீடு கிடைத்த ஒரு தம்பி. ராணிப்பேட்டையில் வாடகைக்கு விட்ட வீட்டைச் சரிசெய்ய நினைக்கும் ஒரு பெரியவர். மூவருக்கும் பாத்ரூம்தான் பிரச்சினை. "நாங்க வந்து கை கொடுக்கிறோம்" என்று சொல்ல மூவருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் காண்ட்ராக்ட் விடுவதா, மேஸ்திரியை நாள் கூலிக்கு வைப்பதா, நாமே இறங்கிவிடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

கொசப்பேட்டையில் எங்கள் வீட்டு பாத்ரூமை இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றினோம். அம்மாவுக்கு மூட்டு வலி வந்து, இந்தியன் க்ளோசெட்டில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போனதுதான் காரணம். அதில் பட்டதையும், அப்புறம் சொந்தக்காரர்கள் வீடுகளில் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் பழைய வீடு என்றால் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். சேற்றிலோ சுண்ணாம்பிலோ செங்கல் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். மேலே ஓடு அல்லது மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ். பாத்ரூம் மட்டும் பிற்பாடு கிணற்றடி ஓரமாக ஒட்டிக் கட்டியதாக இருக்கும், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோடு. கீழே எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தவர் யாரும் இப்போது உயிரோடு இருக்க மாட்டார். புது அபார்ட்மென்ட்டுக்குச் சொல்லும் யோசனைகளை இங்கே அப்படியே வைக்க முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

பாத்ரூமில் முக்கியமான வேலை எதுவும் வெளியே தெரியாது. தரையின் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு), குழாய் மூட்டுகள், வாட்டர்ப்ரூஃப் பூச்சு, ஹீட்டருக்குப் போகும் எர்த் ஒயர், எல்லாம் டைல்ஸுக்குப் பின்னால் போய்விடும். அதில் ஒன்று தவறினால் டைல்ஸை உடைக்காமல் சரிசெய்ய வழியில்லை. ஆகவே என் முதல் கேள்வி: மறைந்து போகிற வேலையை யார் கை செய்கிறது? டைல்ஸ் நிறமும் குழாய் பளபளப்பும் இதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, எத்தனை நாள் பாத்ரூம் இல்லாமல் தள்ள முடியும் என்பது. வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம், அதோடு வயதானவர்களும் இருந்தால் மற்ற எல்லாக் கணக்கையும் இது மாற்றிவிடும்.

மூன்றாவது காசு. சாமான் விலை எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் பாத்ரூம் ஆறுக்கு ஐந்து. தரை 30 சதுர அடி. நான்கு சுவரும் ஏழடி உயரத்துக்கு 154, அதில் கதவு போக 138 சதுர அடி. மொத்தம் 168. வெட்டில் உடைவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 185 சதுர அடி டைல்ஸ் வாங்கினோம். யார் ஒட்டினாலும் இந்த அளவு மாறாது. கூலியிலும் வீணாவதிலும்தான் வித்தியாசம் வரும்.

நான்காவது, பழைய சுவர் அந்த வேலையைத் தாங்குமா. ஐந்தாவது, ஆறு மாதம் கழித்துக் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது. கடைசியாக, நண்பர்களோடு உள்ள உறவு. மேஸ்திரியிடம் "இது கோணலா இருக்கு, பிரிச்சுப் போடுங்க" என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்த நண்பனிடம் அதைச் சொல்ல வாய் வராது.

## வழி 1: சாமானோடு முழு காண்ட்ராக்ட்

ஒருவர் வந்து அளந்து பார்த்து, மொத்தமாக ஒரு தொகை சொல்வார். இடிப்பது முதல் குழாய் மாட்டுவது வரை அவர் பொறுப்பு. வேலை வேகமாக நடக்கும். நாம் கடை கடையாக அலைய வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோர் வீட்டைச் சரிசெய்கிறவர்களுக்கு இதுதான் நடைமுறை.

சிக்கல் அந்தத் தொகையில் இருக்கிறது. உடைப்பதற்கு முன் சொன்ன விலை அது. பழைய வீட்டில் உடைத்த பிறகுதான் உண்மை தெரியும். கீழே போகும் கல் குழாய் விரிசல் விட்டிருக்கும், சுவர் பாதி உயரத்துக்கு ஓதம் (ஈரம்) ஏறியிருக்கும், நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் ட்ராப்பே இல்லாமல் ஓட்டை நேராகச் சாக்கடைக்குப் போயிருக்கும். ஒவ்வொன்றுக்கும் "எக்ஸ்ட்ரா" என்பார்கள். அதில் தப்பில்லை, உண்மையிலேயே அதிக வேலைதான். ஆனால் பாதி இடித்துப் போட்ட பாத்ரூமோடு நிற்கும்போது நம்மால் பேரம் பேச முடியாது.

இன்னொன்று, சீக்கிரம் முடித்தால்தான் காண்ட்ராக்ட்காரருக்கு லாபம். பூச்சு காய்வதற்கும் தரையில் தண்ணீர் கட்டிக் கசிகிறதா என்று சோதிப்பதற்கும் விட வேண்டிய நாட்களில்தான் முதலில் கை வைப்பார்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் ஒன்பது நாளில் முடித்துக் கொடுத்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதத்தில் பக்கத்துச் சாமி அறைச் சுவரில் உப்பு பூத்தது. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை.

இந்த வழியில் போனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் (சுடுதண்ணீருக்கு சிபிவிசி, பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி), வாட்டர்ப்ரூஃப் எத்தனை கோட்டிங், எத்தனை நாள் தண்ணீர் கட்டி வைப்பது, இடிசலை யார் அள்ளுவது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒரு பங்கைத் தண்ணீர்ச் சோதனை முடிந்த பிறகு என்றும், கடைசிப் பங்கை முழுசாகப் புழங்கிப் பார்த்து ஒரு மாதம் கழித்து என்றும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

## வழி 2: நாமும் நண்பர்களும் மட்டும்

ஆசை எல்லோருக்கும் இருக்கும். வீடியோவில் பார்த்தால் எளிதாகத்தான் தெரிகிறது. கூலி முழுக்க மிச்சம். கூட்டாளிகளோடு சேர்ந்து வீட்டு வேலை செய்வதில் ஒரு தனி சந்தோஷமும் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நண்பர்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மேஸ்திரி பதினெட்டு நாளில் முடிப்பது நமக்கு இரண்டு, மூன்று மாதம் இழுக்கும். டைல்ஸ் கட்டர், டிரில், ரசமட்டம் எல்லாம் வாடகைக்கோ விலைக்கோ எடுக்க வேண்டும். பழகாத கையில் டைல்ஸ் அதிகமாக உடையும். போதவில்லை என்று மறுபடி கடைக்குப் போனால் அதே டிசைனில் அதே பேட்ச் இருக்காது, ஷேட் மாறிவிடும். சாப்பாடு, டீ, பெட்ரோல் எல்லாம் நம் கணக்கில்தான்.

க்ளோசெட் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஆஃபரில் வருகிறதே என்று முதலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். கழிவுக் குழாய் தரையில் இறங்கினால் எஸ் ட்ராப், சுவர் வழியாகப் போனால் பி ட்ராப். எஸ் ட்ராப் என்றால் சுவரிலிருந்து குழாயின் நடுவுக்கு எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். 9 அங்குலம், 12 அங்குலம் என்று தனித்தனியாக வருகின்றன. அதுவும் வெறும் சுவரிலிருந்து அளந்தால் தப்பு. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை அங்குலம்வரை தின்றுவிடும். டைல்ஸ் முகத்திலிருந்து வரும் அளவுதான் சரி.

நண்பர்கள் கையில் கொடுக்கவே கூடாத வேலைகள் மூன்று. முதலாவது கரண்ட். வாட்டர் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பாயின்ட், சரியான எர்த், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி ஸ்விட்ச், மூன்றும் வேண்டும். பழைய வீடுகளில் எர்த்தே இல்லாத லைன் உண்டு. எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இரண்டாவது செப்டிக் டேங்க். எத்தனை வருஷமாக மூடிக் கிடந்தாலும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், எட்டிப் பார்க்கவும் விடாதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்திருக்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். மூன்றாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைப்பது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, முகத்தில் துணி கட்டினால் போதாது. என்-95 மாஸ்க்கும் போதாது. வேலை தெரிந்தவர் பி-100 ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர் மாஸ்க் போட்டு, ஷீட்டை நனைத்து, நட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும்.

அப்படியானால் இந்த வழி யாருக்கு? நண்பர்களில் ஒருவர் உண்மையிலேயே மேஸ்திரி வேலையோ ப்ளம்பிங்கோ தெரிந்தவராக இருந்து, வீட்டில் இன்னொரு பாத்ரூமும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கதவு மாற்றுவது, பெயின்ட், வாஷ்பேசின், கண்ணாடி, ஷெல்ஃப் மட்டும்தான் மாற்றப் போகிறீர்கள் என்றாலும் வெளி ஆளே வேண்டாம்.

## வழி 3: மேஸ்திரி நாள் கூலிக்கு, இடிப்பது நண்பர்கள்

நாங்கள் செய்தது இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சனி, ஞாயிறு. நண்பர்கள் நான்கு பேர். ஒருவன் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், ஒருவன் வாத்தியார், இரண்டு பேர் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவர்கள். மேஸ்திரி வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து, எங்கே உடைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று சாக்பீஸில் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். "மெஷின் வெக்காதீங்கப்பா, உளியும் சுத்தியலும் போதும். சேத்துல கட்டுன செவுரு" என்றார். காலையில் வேகம் பிடிக்கட்டும் என்று வாடகை பிரேக்கர் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டினோம். அந்த அதிர்ச்சியில் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் இரண்டடிக்குப் பூச்சு கழன்று விழுந்தது. அப்புறம் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உளியை எடுத்தோம்.

தரைக்குக் கீழே ஓடிய பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை வெட்டி எடுத்தபோதுதான், பத்து வருஷமாக ஷவரில் ஏன் தண்ணீர் நூலாக வருகிறது என்று புரிந்தது. முக்கால் அங்குலக் குழாய். உள்ளே உப்பு படிந்து படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் இருந்தது. விரலால் சுரண்டினால் வெள்ளையும் துருவுமாக அடுக்கடுக்காக உதிர்ந்தது. நம் ஊர் போர் தண்ணீர் அப்படி. புது ஷவர் மட்டும் வாங்கி மாட்டியிருந்தால் அந்தக் காசு வீண்.

இடிசல் அள்ளுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு சின்ன பாத்ரூமின் தரையும் சுவர்ப் பூச்சும் எங்களுக்கு சிமென்ட் சாக்கில் பாதிப் பாதியாக நாற்பது மூட்டை வந்தது. சந்துக்குள் வண்டி வராது, தெருமுனைவரை தோளில்தான். குட்டியானை வண்டி இரண்டு நடை அடித்தது. இதற்குத்தான் நண்பர்கள் கை உண்மையிலேயே தேவைப்பட்டது.

இதில் மிச்சமான கூலி எவ்வளவு? மூன்று ஆள், இரண்டு நாள், அவ்வளவுதான். பிரியாணி, வண்டி வாடகையெல்லாம் கழித்தால் பெரிதாக ஒன்றும் நிற்காது. ஆனால் வேறொரு லாபம் கிடைத்தது, அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். உடைத்து முடித்து, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு மேஸ்திரியையும் ப்ளம்பரையும் நிற்க வைத்து எத்தனை நாள் வேலை என்று பேசினோம். மறைந்திருந்தது எதுவும் இல்லை, ஆகவே எக்ஸ்ட்ராவும் இல்லை. காண்ட்ராக்ட் விடுகிறவர்கள்கூட இதைச் செய்யலாம். முதலில் நண்பர்களோடு இடித்துவிடுங்கள், அப்புறம் விலை கேளுங்கள். அந்தச் சில நாட்களுக்கு மாற்று ஏற்பாடு இருந்தால் மட்டும்.

அடுத்த பதினாறு நாள் வேலை தெரிந்தவர்களுடையது. குழாய்க்குச் சுவரில் காடி (பள்ளம்) எடுத்துப் பதித்ததும், மூடுவதற்கு முன் அளவு டேப்பைச் சுவரில் நீட்டிப் பிடித்து நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டோம். பின்னால் ஆணி அடிக்க, டிரில் போட இது உதவும். அம்மா பிடித்து எழுவதற்குக் கைப்பிடி வரும் இடத்தில் செங்கல்லைக் கொஞ்சம் எடுத்துவிட்டு கான்கிரீட் வைக்கச் சொன்னோம். சேற்றுச் சுவரில் நேராக ஸ்க்ரூ போட்டால் ஒருநாள் ஆளோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

பூச்சுக்குக் காலை, மதியம், சாயங்காலம் என்று தண்ணீர் காட்டியது நாங்கள்தான். மேஸ்திரிக்கு அதற்காக ஒரு நாள் கூலி கொடுப்பது வீண். வாட்டர்ப்ரூஃப் இரண்டு கோட்டிங், முதலாவது நெடுக்கில், இரண்டாவது குறுக்கில். தரையிலிருந்து சுவரில் ஓரடி, குளிக்கும் பக்கம் மட்டும் தோள் உயரம்வரை. அது காய்ந்ததும் தரைத் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பைத் துணியால் அடைத்து, தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விட்டோம். இரண்டு நாள் வேலை நிற்கிறதே என்று எல்லோருக்கும் பரபரப்பாகத்தான் இருந்தது.

தரை டைல்ஸ் போட்ட அன்று மேஸ்திரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கதவு ஓரத்தில் ஊற்றிவிட்டுக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் மெதுவாக ஓடி, ட்ராப்புக்கு ஒரு சாண் முன்னால் கொஞ்சம் தேங்கியது. "இன்னாப்பா, அந்தாண்ட நிக்குதே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, ஈரம் காயும் முன்னே இரண்டு டைல்ஸைப் பெயர்த்து மறுபடி வைத்தார். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். அது எங்கே தவறுகிறது என்று கண்ணால் பிடிக்க இருபது வருஷம் கரண்டி பிடித்திருக்க வேண்டும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு நம் நேரம்தான். சாமான் குறைந்தால் ஓடுவது நாம். ப்ளம்பர் வராத நாளில் மேஸ்திரி சும்மா உட்கார்ந்தாலும் கூலி உண்டு. வீட்டில் யாராவது ஒருவர் தினமும் நிற்க முடியாதென்றால் இந்த வழி வேண்டாம்.

## வழி 4: உடைக்காமல் மேலேயே ஒட்டுவது

டைல்ஸ் மேல் டைல்ஸ். மூன்று, நான்கு நாளில் முடியும், தூசி இல்லை. கசிவும் ஓதமும் இல்லாமல் அழுக்கான டைல்ஸ் மட்டும்தான் குறை என்றால் நல்ல வழி. கசிவு இருந்தால் அதை மூடி மறைத்ததாகத்தான் ஆகும். தரை மட்டம் உயர்வதால் தண்ணீர் வாசல் தாண்டி வருமா என்றும் பாருங்கள். தட்டிப் பார்த்து, டொக்கென்று வெற்றாகக் கேட்கும் டைல்ஸ் மேல் ஒட்டக் கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | முழு காண்ட்ராக்ட் | நண்பர்கள் மட்டும் | நாள் கூலி + நண்பர்கள் | மேலேயே ஒட்டுவது |
|---|---|---|---|---|
| மறையும் வேலை | நல்ல ஆள் கிடைத்தால் சரி | ஆபத்து | நம் கண் முன்னால் நடக்கும் | தொடுவதே இல்லை |
| நாள் | இரண்டு வாரம் | இரண்டு, மூன்று மாதம் | இரண்டரை வாரம் | மூன்று, நான்கு நாள் |
| மறைந்த செலவு | எக்ஸ்ட்ரா | வீணாகும் டைல்ஸ், கருவிகள் | நம் நேரம், காத்திருக்கும் கூலி | கசிவு தொடர்ந்தால் எல்லாமே |
| சேற்றுச் சுவர் | மெஷின் வைப்பார்கள், முன்பே சொல்ல வேண்டும் | நிதானமாக உடைத்தால் சரி | உளி போதும் | பாதிப்பில்லை |
| பின்னால் யாரைக் கேட்பது | கடைசிப் பணம் கையில் இருக்கும்வரை அவரை | யாரும் இல்லை | அதே ஊர் மேஸ்திரியை | ஒட்டியவரை |
| நண்பர்கள் உறவு | தொடாது | சோதனைதான் | இரண்டு நாள் உழைப்பு, பிரியாணி | தொடாது |

## எந்த மாதம்

கத்திரி வெயிலில் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பூச்சு காலையில் போட்டால் மதியத்துக்குள் வெளுத்து வெடிப்பு விடும். குடியாத்தம் பக்கத்து ஆட்கள் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் காயாது, ஓதத்தின் மேலேயே பூசியதாகிவிடும். பொங்கல் முடிந்து தை, மாசிதான் எனக்குத் தெரிந்து நல்ல காலம்.

## கேட்ட மூவருக்கும்

ராணிப்பேட்டைப் பெரியவருக்கு: ஐயா, நீங்கள் சொன்னபடி கசிவு இல்லை, டைல்ஸ்தான் மங்கிவிட்டது என்றால் மேலேயே ஒட்டிவிடுங்கள். குடியிருப்பவர்களும் நான்கு நாள் சமாளித்துக்கொள்வார்கள். மகனின் நண்பர்களைப் பெயின்டுக்கும் கதவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரணித் தம்பிக்கு: இன்னும் குடி போகாத வீடு, நாள் கெடு எதுவும் இல்லை. உன் கூட்டாளிகளில் ஒருவர் ப்ளம்பர் என்றாய். இடிப்பதும் குழாயும் நீங்களே பாருங்கள். பூச்சு, வாட்டம், டைல்ஸ் மூன்றுக்கும் மட்டும் மேஸ்திரி வை. ப்ளம்பர் நண்பனுக்கு அவன் வாங்குகிற கூலியைக் கொடுத்துவிடு, வேண்டாம் என்றாலும் கொடு.

காகிதப்பட்டறை அக்காவுக்கு: மாமியாருக்கு எண்பது வயது, ஒரே பாத்ரூம், நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். காண்ட்ராக்ட்தான் சரி. ஆனால் ஒரு சனி, ஞாயிறு தம்பிமாரைக் கூட்டி முதலில் தரையை மட்டும் உடைத்துவிட்டு விலை பேசுங்கள். அந்த இரண்டரை வாரமும் மாமியாரைச் சத்துவாச்சாரியில் உங்கள் நாத்தனார் வீட்டில் விட முடியுமா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.